வேரின் பெயர்

ஹனிகிரிஸ்ப் ஆப்பிள் கன்றை வண்டியில் தூக்கி வைத்துவிட்டேன். நர்சரியில் இருந்த வயதான அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "எங்கே நடப்போகிறீர்கள்?" என்றார்.

இங்கேதான், வினிபெக்கில்.

"காற்று அடிக்காத சுவரோரம் இருந்தால் வையுங்கள். வெட்டவெளியில் வேண்டாம்."

மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்ட ரகம் அது. குளிர் தாங்கும்தான். ஆனால் இங்கே சில இரவுகள் மைனஸ் 40 வரை போகும். நான் கடையில் தின்ற ருசியில் ஆசைப்பட்டவன்.

அவர் அடுத்த வரிசையில் குட்லாண்ட் கன்றைக் காட்டினார். கனடாவின் இதே மானிடோபா மாகாணத்தில், மோர்டன் ஆய்வுப் பண்ணையில் பிறந்த ரகம். அப்புறம் குனிந்து, தண்டின் அடியில் புடைத்திருந்த ஒட்டு முடிச்சைத் தொட்டார்.

"மேலே ஒரு மரம், கீழே இன்னொன்று. கீழே இருப்பது குளிரில் செத்தால் மேலே என்ன ரகமாக இருந்து என்ன?"

சீட்டில் ஆப்பிளின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வேரைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டேன். அன்டோனோவ்கா, ரஷ்ய ஆப்பிளின் விதையில் முளைத்தது என்றார்.

ஹனிகிரிஸ்பை இறக்கிவிட்டு குட்லாண்டை ஏற்றினேன். ரஷ்ய வேர், மானிடோபா கிளை, தண்ணீர் ஊற்றப்போவது யாழ்ப்பாணத்தான். சரி, பொருத்தம்தான்.

மகரந்தச் சேர்க்கைக்குப் பக்கத்து வீட்டில் கிராப் ஆப்பிள் என்னும் சிறுகாய் ஆப்பிள் மரம் இருக்கிறது. முயல்கள் பட்டையைக் கடிக்காமலிருக்கக் கம்பி வலையும் வாங்கினேன்.

முதல் பழத்துக்குச் சில வருடம் ஆகுமாம். மகள் இப்போதே கூடையோடு நிற்கிறாள்.