மூன்று சோடி சொக்ஸ்

நான் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியது 2013 நவம்பர் கடைசியில். காலில் இருந்தது கொழும்பு புறக்கோட்டையில் பேரம்பேசி வாங்கிய கறுப்புத் தோல் சப்பாத்து. நல்ல சப்பாத்து, பொய் சொல்லக்கூடாது. கலியாண வீட்டுக்குப் போடலாம், நேர்முகப் பரீட்சைக்குப் போடலாம். அடிப்பாகம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். விமான நிலையத்துக்கு வந்த மச்சான் என் முகத்தைப் பார்க்கமுதல் காலைத்தான் பார்த்தான்.

"உதோடயோ வந்தனீ?"

ஜாக்கெட்டைப் பற்றி ஊரிலேயே ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தொப்பி, கையுறை, காதுக்குப் பஞ்சு என்று அம்மாவிடம் ஒரு பட்டியலே இருந்தது. காலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கால் என்பது தனியாகக் கவனிக்க வேண்டிய உறுப்பே இல்லை. நான் இலங்கையின் வடக்கே பரந்தன்காரன். வயலிலும் வாய்க்கால் கரையிலும் வெறுங்காலோடு திரிந்துவிட்டு, படுக்கமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சரி. மாரிக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். ஈரம் என் காலுக்குச் செய்த ஆகப் பெரிய கெடுதல் அதுதான்.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் ஒரு மாமி வீட்டு பேஸ்மென்டில் அறை கிடைத்தது. ஏஜென்சி ஒன்று ஒரு வெயார்ஹவுஸில் வேலை பிடித்துத் தந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால், நாலே முக்காலுக்கே மார்க்கம் வீதியில் 102 பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். பஸ் சில நாள் ஐந்து நிமிடத்தில் வரும், சில நாள் இருபத்தைந்து நிமிடத்தில் வரும். கனடாவில் நான் முதலில் படித்த பாடம் எல்லாம் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் படித்ததுதான்.

அந்த வருடக் குளிரை இங்குள்ள பழைய ஆட்களே இன்னும் கதைப்பார்கள். டிசம்பர் 21, 22இல் பெய்தது மழையா ஐஸா என்று சொல்ல முடியாது. மழையாக விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாக ஒட்டிக்கொண்டது. மரக்கிளைகள் கண்ணாடிக் குழாய் மாதிரி ஆகி, பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நகரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் நத்தாருக்கு இருட்டில் கிடந்தன. புதுவருடம் பிறந்ததும் மைனஸ் 20க்குக் கீழே போனது. ஒருநாள் இரவு நிலத்துக்குள்ளிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். நான் யோசிக்க முதல் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். மண்ணுக்குள் ஊறிய நீர் சட்டென்று உறைந்து விரியும்போது நிலம் வெடிக்கிற சத்தமாம் அது. அதை அடுத்த நாள் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிரவு தெரிந்ததெல்லாம் பேஸ்மென்ட் சீமெந்துத் தரை எவ்வளவு குளிர் என்பதுதான்.

சரி, காலுக்கு வருவோம். மச்சான் தன் பழைய பூட்ஸ் ஒன்றைத் தந்திருந்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே அளவு. குளிர் கூடக் கூட நான் சொக்ஸைக் கூட்டினேன். ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. எல்லாம் பருத்தி, டொலர் கடையில் ஆறு சோடி ஒரு கட்டு. மூன்று சோடியைப் போட்டு பூட்ஸுக்குள் காலைத் திணித்து, நூலை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவேன். பத்து நிமிடம் நன்றாக இருக்கும். அப்புறம் பெருவிரல் வலிக்கும். பிறகு வலிக்காது. வலி நின்றதும் குளிர் பழகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், மடையன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து சொக்ஸைக் கழற்றினால் இரண்டு காலிலும் நுனிவிரல்கள் மெழுகு மாதிரி வெளிறிக் கிடந்தன. தொட்டால் என் விரல் போலவே இல்லை. குளியலறைக்கு ஓடி, குழாயில் வந்த ஆகக் கூடிய சுடுதண்ணீரை வாளியில் பிடித்து இரண்டு காலையும் விட்டேன். நான் கத்திய சத்தத்தில் மாமி மேலிருந்து இறங்கி வந்தா.

"என்னடா செய்யிறாய்? விறைச்ச காலைக் கொண்டுபோய்ச் சுடுதண்ணிக்குள்ள விடுறதே? பிள்ளைக்கு வாக்கிற பதத்துக்கு விடடா!"

மாமி சொன்னதுதான் சரியான வைத்தியம். உடம்புச் சூட்டளவு வெதுவெதுப்பு, 37, 38 பாகை, அதற்குமேல் வேண்டாம். விறைத்த தோலுக்குச் சூட்டின் அளவு சரியாகத் தெரியாது, வெந்துவிடும். தேய்க்கவும் கூடாது. ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. விரல் நிறம் திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான். எனக்கு அரைமணி நேரத்தில் சிவந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் இடது காலின் சின்னவிரல் எல்லா விரலுக்கும் முந்திக் குளிர ஆரம்பிக்கும்.

வேலையிடத்தில் லோடிங் டொக்கில் ஒரு அண்ணை நின்றார். 1986இல் மொன்றியலுக்கு வந்து, பிறகு ரொறன்ரோவுக்கு மாறியவர். பத்திரிகை போட்டது, கோப்பை கழுவியது, பார்க்கிங் லொட்டில் காவல் நின்றது என்று எல்லாக் குளிரும் கண்டவர். நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்.

"தம்பி, எத்தினை சொக்ஸ் போட்டிருக்கிறீர்?"

"மூண்டு சோடி அண்ணை."

"அதுதான் குளிருது."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். "கழட்டிப் பாரும்," என்றார். கழற்றினேன். உள் சொக்ஸ் நனைந்திருந்தது. பூட்ஸுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகவில்லை, ஓட்டை எதுவும் இல்லை. அவ்வளவும் என் வியர்வை. காலிலிருந்து வருகிற வியர்வையைப் பருத்தி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், விடாது. ஈரம் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். பெட்டிகளை இழுத்து ஓடித்திரியும்போது வியர்த்து ஊறி, பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த ஈரத்துக்குள்ளேயே விறைத்திருக்கிறேன். இன்னொன்று, பூட்ஸுக்குள் விரலை அசைக்க இடமில்லை. சூட்டைப் பிடித்து வைப்பது துணி அல்ல, துணிக்கு இடையில் நிற்கும் காற்று. நான் மூன்று சோடியைத் திணித்து அந்தக் காற்றையெல்லாம் வெளியே தள்ளியிருக்கிறேன். நூலை இறுக்கியதில் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கிறது.

அண்ணை சொன்ன மருந்து எளிது. பருத்தியைத் தூக்கிப் போடு. தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி, வேண்டுமென்றால் அதற்குள் மெல்லியதாக இன்னொரு கம்பளி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உறிஞ்சினாலும் காலுக்கு ஈரமாகத் தெரியாது. பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும், உள்ளே விரல் ஐந்தும் நாட்டியமாட வேண்டும். வேலையிடத்தில் ஒரு சோடி உலர்ந்த சொக்ஸ் எப்போதும் இருக்கட்டும். வீட்டுக்கு வெளிக்கிடமுன் மாற்று.

முதல் கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி 18 டொலர். அந்தக் காசுக்கு ஊரில் எத்தனை சோடி சொக்ஸ் வாங்கலாம் என்று கடையில் நின்று கணக்குப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேலாகிறது, அந்தச் சோடி குதிக்காலில் தைத்தபடி இன்னும் இருக்கிறது.

பூட்ஸ் வாங்கும்போது பெட்டியில் 'மைனஸ் 40' என்று போட்டிருக்கும். அதை நான் பெரிதாக நம்புவதில்லை, அந்தந்தக் கம்பனி போட்டுக்கொள்ளும் கணக்கு. நடப்பவனுக்குப் போதுமான பூட்ஸ் நிற்பவனுக்குப் போதாது. நான் பார்ப்பது தடித்த ரப்பர் அடி, உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய கம்பளிப் படலம், இரண்டுதான். படலத்தை இரவில் வெளியே எடுத்துக் காயவிடலாம். ஹீட்டருக்கு மேல் மட்டும் வைக்கக்கூடாது, பசை விட்டுவிடும். படலம் கழற்ற முடியாத பூட்ஸ் என்றால் கடதாசி அடைப்பேன். தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் வாரப்பத்திரிகைகள் இதற்கு அருமை. வீடு விற்கும் முகவர்கள் பக்கம் பக்கமாகச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களைக் கசக்கி உள்ளே விட்டால் விடியமுன் ஈரத்தைக் குடித்துவிடுவார்கள். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் அப்படிச் செய்ய மனம் வராது.

பொலித்தீன் பையும் போட்டுப் பார்த்தேன். இங்கே ஒன்ராறியோவில் பால் பையில் வரும். அந்தப் பையைச் சொக்ஸுக்கு மேல் இழுத்துவிட்டு பூட்ஸ் போட்டால் கால் நனையாது என்று வெள்ளைக்கார ஆட்களும் சொல்வார்கள், சின்ன வயதில் அவர்கள் செய்தது. வெளித்தண்ணீர் வராதுதான். உள்தண்ணீரும் போகாது. பூட்ஸ் ஓட்டையான அன்றைக்கு அவசரத்துக்குச் சரி, தினமும் செய்தால் பழைய கதைதான்.

மைனஸ் 20ஐ விட எனக்குப் பயமான நாள் பிளஸ் 1. மைனஸ் 20இல் ஸ்னோ உலர்ந்து உப்புப் போலக் காலடியில் நெறுநெறுக்கும், தட்டிவிட்டால் கொட்டிவிடும். பூச்சியத்தைச் சுற்றி நிற்கும் நாளில்தான் வீதியோரம் கரும்சேறாகக் கிடக்கும், அதற்குள் கணுக்கால்வரை போகும். வீதிக்கு உப்பு வேறு போடுவார்கள். உப்பு கலந்த தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் தண்ணீராகவே நிற்கும். அது பூட்ஸுக்குள் புகுந்தால் ஐஸ்துண்டை விட மோசம்.

இந்த உப்பின் கதையும் ஒன்று. ஹியூரன் ஏரிக்கு அடியில், கோடரிச் என்ற ஊரில், அரைக் கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் சுரங்கம் வைத்து உப்பு வெட்டுகிறார்கள், உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமாம். என் அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவருடைய குதிக்கால் வயல்வெடிப்பு மாதிரி இருக்கும், இரவில் தேங்காய் எண்ணெய் பூசுவார். முதல் வருடம் என் பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வந்தது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியால் துடைத்தால் போகும். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "உப்பை வீதியில கொட்டுறாங்களோ?" என்று மூன்று தரம் கேட்டார்.

வழுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோரும் ஒரு தரம் விழுந்துதான் எழும்புகிறோம். ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் 2016இல் ஐஸ் சரிவு ஒன்றை ஆய்வுகூடத்துக்குள் செய்து, ஆட்களை நடக்கவிட்டு பூட்ஸ்களைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியதற்குப் பனிச்செதில் படம் போட்டுப் பட்டியல் வெளியிட்டார்கள். இப்போது வாங்கமுன் அதையும் பார்ப்பேன்.

இவ்வளவும் படித்தும் கோயிலில் மட்டும் தோற்றுப்போகிறேன். வாசலில் இருநூறு சோடி பூட்ஸ், ஒவ்வொன்றிலிருந்தும் ஸ்னோ உருகிக் குளமாகி நிற்கும். பூட்ஸைக் கழற்றி, உலர்ந்த கம்பளிச் சொக்ஸோடு முதல் அடி வைப்பது அந்தக் குளத்துக்குள்தான். சுவாமிக்கு முன்னால் நின்றாலும் மனம் முழுக்கக் காலில். இப்போது ஜாக்கெட் பொக்கெட்டில் ஒரு சோடி வைத்துக்கொண்டுதான் போகிறேன். கும்பிட்டு முடிந்ததும் தூணடியில் இருந்து மாற்றுவதைப் பார்த்து ஐயர் ஒருநாள் சிரித்தார். பிறகு கவனித்தேன், அவரும் உள்ளே ஒரு சோடி வைத்திருக்கிறார்.

வாற வியாழக்கிழமை சித்தியின் மகன் படிக்க வருகிறான். நேற்று வாட்ஸ்அப்பில் அழைத்தேன்.

"தம்பி, கால் அளவு என்ன?"

"எட்டு அண்ணா. நான் புதுச் சப்பாத்து வாங்கிட்டன், வெள்ளை நிறம்."

அங்கத்தைய எட்டு இங்கே ஒன்பது. இரவில் வீங்கியிருக்கும்போது காலைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பியிருந்தான். ஒன்பதரைக்கு பூட்ஸ் எடுத்து காரின் பின்சீற்றில் போட்டிருக்கிறேன். கம்பளிச் சொக்ஸ் இரண்டு சோடி. விலையை அவனிடம் சொல்லப் போவதில்லை.