மூன்று படி, பதினெட்டு அடி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே இருக்கும் எங்கள் ஊரில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும். வாசகசாலையிலும் இரு மொழிப் புத்தகங்கள் உண்டு. அதன் மிகப் பழைய வாசகர்களில் என் அண்ணனும் ஒருவர். இரண்டு வயதில் கண்ட போலியோவில் அவருக்கு இரு கால்களும் சூம்பிவிட்டன. சிறு வயதில் அப்பா தோளில் தூக்கிப்போய்க் காட்டியதோடு சரி. அதன் பிறகு சென்ற ஆண்டுவரை அந்த வாசகசாலையின் அலமாரிகளை அவர் பார்த்ததே இல்லை. வாசலில் மூன்று படிகள் இருந்தன.

புத்தகங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. முதலில் நானும், பிறகு என் மகனும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எடுத்து வந்து கொடுத்தோம். அண்ணன் துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பார். பெயர் தெரிந்த புத்தகத்தைத்தான் எழுதிக் கேட்க முடியும்; தெரியாத ஒன்றைக் கையில் எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படித்துப் பார்த்து, பிடித்திருந்தால் கொண்டுவருவது என்பது அவருக்கு வாய்க்கவே இல்லை. இத்தனை ஆண்டுகள் அது எனக்கு உறைக்கவும் இல்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரார் நல்லவர்கள். எங்கே போனாலும், "எதுக்குங்க யோசிக்கிறீங்க, நாலு பேரு சேர்ந்தா தூக்கிட மாட்டோமா?" என்று ஓடி வருவார்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தூக்கப்படுகிறவரின் நிலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இருவர் அக்குளில் கை கொடுக்க, இருவர் முழங்காலுக்கு அடியில் பிடிக்க, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் மண்டப வாசலில் அண்ணன் ஒரு கையால் வேட்டியை இறுகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார். முப்பது வயதுக்குப் பிறகு அவர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவார். கூட்டத்துக்குக் கூச்சப்படுகிறார் என்று உறவினர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சென்ற ஆண்டு வாசகசாலைக்கு ஒரு சாய்தளம் கட்டினார்கள். எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அண்ணனைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போன அன்று, பாதி வழியிலேயே முன்சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழும்பின. பின்னால் வந்த நான் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்திராவிட்டால் அவர் மல்லாக்க விழுந்திருப்பார். மறுநாள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நானே போனேன். படி ஒவ்வொன்றும் 6 அங்குலம், மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி உயரம். சாய்தளத்தின் நீளமோ 6 அடி. ஓரடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதாவது 1:12 என்பதே அரசின் வழிகாட்டி நெறிமுறைகள் சொல்லும் சரிவு. அந்தக் கணக்கில் 18 அடி இருந்திருக்க வேண்டும். போதாததற்கு வழுவழுப்பான டைல்ஸ் வேறு ஒட்டியிருந்தார்கள். கைப்பிடிக் கம்பியும் இல்லை. கட்டியவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஏறிப் பார்க்க வேண்டியவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகத்தக்கதாக மாற்றவேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஆக, கெடு 2022லேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த 15ஆம் விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்றும், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை மத்திய அரசு வகுக்கவேண்டும் என்றும் கூறியது. எங்கள் வாசலில் இருந்த ஆறடிச் சாய்தளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

இடையில் ஒன்றைச் சொல்லவேண்டும். கேரளத்து அலுவலகப் பலகைகளில் மாற்றுத்திறனாளிகளை 'பின்னசேஷிக்கார்' என்று எழுதியிருப்பார்கள். மலையாளத்தில் அதற்கு வேறுபட்ட திறன் உடையவர்கள் என்று பொருள், நல்ல சொல்தான். ஆனால் பின்னமான சிலையைப் பூசையில் வைக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்த தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட அம்மா, வீடு திரும்பும்வரை பேசவில்லை. அண்ணன்தான் பொருளை எடுத்துச் சொல்லித் தேற்றினார்.

வாசகசாலைக் குழுவிடம் அண்ணன் கணக்குப் போட்ட தாளோடு போய்ப் பேசினோம். முற்றத்தில் நேராகப் பதினெட்டு அடிக்கு இடமில்லை என்றார்கள். சுவரை ஒட்டி ஒன்பது அடி, மூலையில் நாற்காலி திரும்ப ஐந்தடிச் சமதளம், பிறகு ஒன்பது அடி என்று அண்ணன் வரைந்து காட்டினார். கொத்தனார் ரசமட்டம் வைத்து வைத்துக் கட்டினார். சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு, இருபுறமும் கம்பி. காய்ந்ததும் முதலில் அண்ணனை ஏறச் சொல்லிவிட்டு, குழுவினர் அனைவரும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். யாரும் தொடவில்லை. அவர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு, மூலையில் ஒருமுறை மூச்சு வாங்கி, மேலே போய்ச் சேர்ந்தார்.

அன்று அவர் உள்ளே இரண்டு மணிநேரம் இருந்தார். ஏழெட்டுப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினார், பாதியைத் திருப்பி வைத்தார், அதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு பயணநூலை எடுத்துக்கொண்டார். தமிழ்ப் புத்தகங்கள் மேல்தட்டில் இருந்ததால் கை எட்டவில்லை; இரண்டு தட்டுகளைக் கீழே மாற்றித் தருவதாக நூலகர் சேச்சி சொன்னார். திரும்பும் முன் கழிப்பறைக் கதவையும் அளந்து பார்த்தோம். 24 அங்குலம் இருந்தது. நாற்காலி 26 அங்குலம். அந்த அளவையும் அண்ணன் அதே தாளில் குறித்துக்கொண்டார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார்.