ஜெர்மனியில் கிரிக்கெட் கிளப் பதிவு: எங்களை அலைய வைத்தவை

எங்கள் கிளப் இந்த மே மாதம் முதன்முறையாக லீக்கில் இறங்கிவிட்டது. நிம்மதியாக இருக்கிறது, ஆனால் எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. எந்தக் காகிதம் முதலில், எது பின்னால் என்று யாராவது ஒருவர் சரியாகச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு கோடைகாலமே மிச்சமாகியிருக்கும். ஜெர்மனியில் கிளப் தொடங்க நினைக்கும் மற்றவர்களுக்காவது இது உதவட்டும்.

ஆள் சேர்ப்பதில் கஷ்டமே இல்லை. 2015-க்குப் பிறகு வந்த ஆப்கன் இளைஞர்கள், படிக்கவும் ஐடி வேலைக்கும் வந்த நம்மவர்கள், பாகிஸ்தானியர்கள் என்று எல்லா ஊரிலும் ஆட ஆள் இருக்கிறது. பதிவுக்குத் தேவையான ஏழு பேரின் கையெழுத்து முதல் கூட்டத்திலேயே கிடைத்துவிட்டது. நோட்டரி, நீதிமன்றப் பதிவேடு இரண்டும் சிக்கலில்லாமல் முடிந்தன.

சிக்கல் வரி அலுவலகத்தில்தான் தொடங்கியது. "முதலில் பதிவு பண்ணிடுங்க, வரி விஷயம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று எங்களுக்கு ஆலோசனை சொன்னவர், கிளப்புக்கான விதிமுறையின் மாதிரி ஒன்றையும் கொடுத்திருந்தார். கிளப் கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்பதை உறுப்பினர்களே முடிவு செய்வார்கள் என்று அதில் இருந்தது. பொதுநலச் சங்கமாக அங்கீகரிக்க இது போதாது என்று கடிதம் வந்தது. மீதமிருக்கும் சொத்து இன்னொரு பொதுநல அமைப்புக்கோ நகராட்சிக்கோ போகும் என்று விதியிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு பத்திதான். ஆனால் அதை மாற்ற மறுபடியும் பொதுக்குழு, மறுபடியும் நோட்டரி, மறுபடியும் நீதிமன்றம், மறுபடியும் கட்டணம். பாதிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள் என்பதால் அந்தப் பொதுக்குழுவைக் கூட்டவே வாரக்கணக்கில் ஆனது.

அந்த அங்கீகாரம் இல்லாமல் வேறு எதுவும் நகராது. அது இருந்தால்தான் மாநில விளையாட்டு ஒன்றியத்தில் சேரலாம். அங்கே சேர்ந்தால்தான் விளையாட்டுக் காப்பீடு. காப்பீடு இல்லை என்றால் எங்கள் நகராட்சி மைதானத்தைப் பற்றிப் பேசவே தயாராக இல்லை. அதனால் சொல்கிறேன்: விதிமுறையின் வரைவை முதலில் வரி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பதிவுக்கு முன்பே பார்த்துச் சொல்வார்கள். வரிச் சட்டத்தின் பின்னிணைப்பில் மாதிரி வாசகம் இருக்கிறது, அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்துப் போடுங்கள். அவர்கள் சரி என்று எழுதித் தந்த பிறகு நோட்டரியிடம் போனால் போதும்.

அடுத்தது மைதானம். இங்கே நகராட்சி மைதானம் என்றால் அது கால்பந்துக்குத்தான். பெரிய கால்பந்துத் திடல்கூட 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதன் நடுவில் பிட்ச் போட்டால் பக்கவாட்டில் எல்லைக்கோடு 34 மீட்டரில் வந்துவிடும். சர்வதேச ஆட்டத்துக்குக் குறைந்தது 59 மீட்டருக்கு மேல் வேண்டும். லீக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள் என்றாலும் 34 என்பது பிள்ளைகள் ஆடுவதற்கே போதாது. ஆக, அடுத்தடுத்து இரண்டு திடல்கள் இருக்கும் இடத்தைத் தேடி, நடுவில் இருக்கும் இடைவெளியில் பிட்ச் போட வேண்டும்.

அப்படி ஒரு இடம் எங்கள் ஊரிலேயே இருந்தது. ஆனால் நகராட்சியின் விளையாட்டுப் பிரிவில் இருந்த அதிகாரி, கான்கிரீட் பிட்சுக்கான எங்கள் வரைபடத்தைக் கையில் வாங்கக்கூட மறுத்துவிட்டார். கான்கிரீட் என்றால் கட்டிடப் பிரிவைக் கேளுங்கள் என்றார். கட்டிடப் பிரிவில், இது புல்தரை, சுற்றுச்சூழல் பிரிவுதான் சொல்ல வேண்டும் என்றார்கள். அங்கே போனால், விளையாட்டுப் பிரிவு கேட்டால்தான் பதில் தருவோம் என்றார்கள். எங்களை எழுதவும் விடாமல், தாங்களும் எழுதாமல் ஒரு வசந்தகாலத்தையே கடத்திவிட்டார்கள். முதல் வருட லீக் வாய்ப்பு அதிலேயே போனது.

கடைசியில் கான்கிரீட் என்ற சொல்லையே மனுவிலிருந்து எடுத்துவிட்டோம். ஆட்டம் முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடும் செயற்கை விரிப்பு மட்டும், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு மட்டும் என்று எழுதினோம். கூடவே இரண்டு காகிதங்கள்: காப்பீட்டுச் சான்று, பக்கத்துக் கால்பந்துக் கிளப் தலைவரின் சம்மதக் கடிதம். அந்தக் கடிதம்தான் கதவைத் திறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். அதிகாரிக்கு எங்களைத் தெரியாது, கால்பந்துக் கிளப்பைத் தெரியும். அவர்களிடம் முதலிலேயே போய்ப் பேசுங்கள். அவர்களுக்கு ஜூன், ஜூலையில் ஆட்டம் இருக்காது, நமக்கு அதுதான் சீசனின் நடுப்பகுதி. அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததற்கு அடுத்த ஞாயிறு மாலையே விரிப்பைப் போட்டுப் பந்து வீசிவிட்டோம்.

வெளியூர் ஆட்டங்களில் ஒரு எச்சரிக்கை. அகதி முகாமில் தங்கியிருக்கும் புதியவர்களுக்கு அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தனி அனுமதி வேண்டியிருக்கும். எங்கள் தொடக்க ஆட்டக்காரர் ஒருவருக்கு அது ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரை வரவில்லை. பேருந்தில் ஏறக் காத்திருந்தவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அட்டவணை வந்த அன்றே மொத்தத் தேதிகளுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

இவ்வளவுக்கும் எதற்காக மெனக்கெட வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. 2021 அக்டோபரில் ஸ்பெயினின் அல்மேரியாவில் ஜெர்சி தீவு அணியோடு சேர்ந்து ஜெர்மனி ஆண்கள் அணியும் தகுதி பெற்று, அடுத்த பிப்ரவரியில் ஓமனில் டி20 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆடியது. 2020-ல் ஜெர்மனிப் பெண்கள் அணியின் அனுராதா தொட்டபள்ளாபூர் ஆஸ்திரியாவுக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார். பெங்களூரிலிருந்து வந்த இதய ஆராய்ச்சியாளர் அவர். இப்படிப்பட்டவர்கள் வார இறுதியில் ஆடுவதற்கு ஏதோ ஒரு ஊரில் ஒரு கிளப் இருந்தாக வேண்டும். 2019 முதல் ஐசிசி உறுப்பு நாடுகளுக்கு இடையிலான ஆண்கள் டி20 எல்லாமே சர்வதேச ஆட்டம்தான். ஆக, எங்கள் பையன் ஒருவன் தேறினால் அவன் ஆடுவது முறையான சர்வதேச ஆட்டம்.

அங்கேயும் காகிதம்தான். ஜெர்மன் பாஸ்போர்ட்டும் இல்லை, இங்கே பிறக்கவும் இல்லை என்றால் தொடர்ச்சியாக மூன்று வருடம் இந்த நாட்டில் வசித்ததைக் காட்ட வேண்டும். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் அதைவிட அதிக காலமாக இங்கே இருக்கிறான், ஆனால் ஊர் ஊராக மாற்றப்பட்டவன். நகராட்சி கொடுத்த சான்றில் இப்போதைய முகவரி மட்டுமே இருந்தது, குடியேறிய தேதிகூட இல்லை. முந்தைய முகவரிகளோடு விரிவான சான்று வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டால்தான் தருகிறார்கள். பழைய ஊரில் கடிதம் போட்டுக் காத்திருந்து, போன வாரம்தான் எல்லாம் சேர்ந்தது. உங்கள் கிளப்பில் நன்றாக ஆடும் பையன் இருந்தால், வீடு மாறும் ஒவ்வொரு முறையும் தரும் பதிவுத் தாளை ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அவன் பெயரை மண்டலத் தேர்வு முகாமுக்கு அனுப்பிவிட்டோம், சான்றுகளின் நகலையும் சேர்த்தே.