ட்ராக் 07

போன வாரம் பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பாட்டு - காசு கொடுத்து வாங்கினது’ என்று ஒரு ஃபோல்டர். பெயர் வைத்தது நான்தான். அந்தக் காலத்தில் அது அவ்வளவு பெருமை. உள்ளே 143 பாட்டுகள். பக்கத்தில் இருந்த மகள் ஒன்றைத் தட்டினாள். கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு, இதைக் கேட்க உங்களிடம் உரிமம் இல்லை என்றது. இன்னொன்றைத் தட்டினாள். அதே பதில்.

“அப்பா, இது நீங்க காசு குடுத்து வாங்கினதுதானே?”

“ஆமாம்மா.”

“அப்புறம் எதுக்கு உங்ககிட்டயே லைசென்ஸ் கேக்குது?”

அவளுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அப்போதெல்லாம் பாட்டை வாங்கினால் கோப்பு நம் கைக்கு வந்துவிடும், ஆனால் பூட்டி வரும். சாவி கடைக்காரர் சர்வரில் இருக்கும். முதல் தடவை பாட்டைப் போடும்போது கணினி இணையம் வழியாகக் கடையைக் கேட்கும். கடை தன் கணக்கைப் பார்த்து, அந்த ஒரு கணினிக்கு மட்டும் பொருந்துகிற சாவியைக் கொடுக்கும். கணினியை மாற்றினாலோ ஃபார்மேட் செய்தாலோ மறுபடி போய்க் கேட்க வேண்டும். சரி, கடையே இல்லாமல் போனால்? யாரைக் கேட்பது?

என் கடை அப்படித்தான் போனது. ஒருநாள் மின்னஞ்சல் வந்தது: சேவையை நிறுத்துகிறோம், இந்தத் தேதிக்குப் பிறகு புதிய கணினிகளுக்கு அனுமதி கிடைக்காது, வாங்கிய பாட்டுகளை சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுப் போட்டவர்களே பூட்டை எப்படித் தாண்டுவது என்று எனக்கு எழுதி அனுப்பிய கடிதம் அது. நகலெடுப்பதைத் தடுக்கத்தான் பூட்டு என்று சொன்னவர்கள், கடையைக் காலி செய்யும்போது நகலெடுத்துக்கொள் என்கிறார்கள்!

பெரிய கடைகளும் இதைச் செய்தன. எம்எஸ்என் மியூசிக்கில் விற்ற பாட்டுகளுக்கு இனி புதுச் சாவி தரமாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்த பிறகு 2011 கடைசி வரை தருகிறோம் என்று இறங்கி வந்தது. அதே 2008இல் யாஹூவும் தன் பாட்டுக் கடையை மூடியது, ஆனால் வாங்கியவர்களுக்கு ஈடு கொடுக்க முன்வந்தது. நான் வாங்கியது இந்த இரண்டிலும் இல்லை. அது ஒரு சின்னக் கடை. ஈடெல்லாம் கிடையாது, மின்னஞ்சல் மட்டும்தான்.

அதனால் உட்கார்ந்து சிடி எழுதினேன். மொத்தம் ஒன்பது சிடி. எழுதி முடித்ததைத் திரும்பக் கணினியில் போட்டு எம்பி3 ஆக மாற்ற வேண்டும். சிடிக்குப் போகும்போது பூட்டு கழன்றுவிடும், திரும்பி வரும்போது ஏறாது. ஆனால் ஏற்கனவே சுருக்கிய ஒலியை விரித்து மறுபடி சுருக்குகிறோம் இல்லையா, அது சும்மா விடுமா? குரல் பெரிதாகக் கெடவில்லை. தாளத்தட்டுகள்தான் போச்சு. ஜல் என்று விழ வேண்டிய இடமெல்லாம், தண்ணீருக்குள் சலங்கையை அசைத்தால் எப்படியோ அப்படி இருந்தது. பெயர்களும் போயின. திரும்பி வந்த பாட்டெல்லாம் ட்ராக் 01, ட்ராக் 02 என்று கைதிகள் மாதிரி வரிசையாக நின்றன. முதல் நான்கு சிடிக்கு உறையில் பேனாவால் பெயர் எழுதி வைத்தேன். மீதி ஐந்துக்கு, நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இந்த எரிச்சலில் அந்தக் கால விலைக் கதையை மறுபடி தேடிப் படித்தேன். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை திறந்தது 2003 ஏப்ரல் 28. சுமார் 2 லட்சம் பாட்டுகள், எதை எடுத்தாலும் 99 சென்ட். புதுப் பாட்டும் அதே விலை, ஐம்பது வருடப் பழைய பாட்டும் அதே விலை. பூட்டு இல்லாமல் பாட்டைத் தரமாட்டோம் என்பது இசை நிறுவனங்களின் நிபந்தனை. ஆப்பிளும் ஃபேர்பிளே என்ற தன் பூட்டைப் போட்டது. அதன் சாவியை வேறு எந்தப் பாட்டுக் கடைக்கும் கொடுக்கவில்லை. இங்கேதான் இசை நிறுவனங்கள் தங்கள் காலில் தாங்களே சங்கிலி மாட்டிக்கொண்டன என்பது என் எண்ணம். ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடில் ஓடுவது ஃபேர்பிளே பூட்டுப் போட்ட பாட்டு, அல்லது பூட்டே இல்லாத பாட்டு. வேறு கடைக்காரன் வேறு பூட்டைப் போட்டு விற்றால் ஐபாடில் ஓடாது. அதனால் ஐபாட் வைத்திருப்பவன் பூட்டிய பாட்டு வாங்க ஒரே ஒரு கடைக்குத்தான் போக முடியும். ஒரே கடை என்றால் விலையும் அந்தக் கடைக்காரர் சொல்வதுதான். சூடாக விற்கும் பாட்டுக்குக் கூடுதல் விலை வை என்று இசை நிறுவனங்கள் வருடக்கணக்கில் கேட்டுப் பார்த்தன. 99 சென்ட் அசையவில்லை.

2007 பிப்ரவரியில் ஆப்பிளின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ், பூட்டே வேண்டாம் என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு: 2006இல் இணையக் கடைகள் விற்ற பூட்டிய பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு, அதே வருடம் அதே இசை நிறுவனங்கள் பூட்டே இல்லாமல் சிடியில் விற்ற பாட்டுகள் 2,000 கோடிக்கும் மேல். கொல்லைக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வாசலுக்குப் பூட்டு! (சிடிக்கும் பூட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் தன் சிடிகளை வாங்கியவர்களின் கணினியில் கள்ளத்தனமாக ஒரு நிரலை நுழைத்து ஒளித்து வைத்ததும், மாட்டிக்கொண்டு சிடிகளைத் திரும்பப் பெற்றதும் தனிக் கதை.)

அந்தக் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்து, பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றான ஈஎம்ஐ இறங்கி வந்தது. பூட்டு இல்லாமல், இரு மடங்கு பிட்ரேட்டில், அதாவது இன்னும் நல்ல ஒலித்தரத்தில், பாட்டுக்கு 1.29 டாலர். ஏற்கனவே பூட்டோடு வாங்கியவர்கள் 30 சென்ட் கட்டினால் மாற்றிக்கொள்ளலாம். இந்த 30 சென்ட் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. தரம் கூடியதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு என்பார்கள், இருக்கட்டும். பூட்டைக் கழற்றிக்கொள்ள வாங்கியவன் தனியாகக் காசு கட்டுகிறான் என்றால், அத்தனை நாள் அந்தப் பூட்டு யாருக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது? திருடியவன் கையில் இருந்த எம்பி3இல் பூட்டு ஏது?

மற்ற நிறுவனங்கள் பூட்டை விட்டது நல்ல மனதால் அல்ல. ஆப்பிளுக்கு ஒரு போட்டிக் கடை வேண்டும், அந்தக் கடையில் வாங்கியது ஐபாடில் ஓட வேண்டும் என்றால் பூட்டில்லாத எம்பி3 ஒன்றுதான் வழி. 2007 செப்டம்பரில் அமேசான் அப்படி ஒரு கடையைத் திறந்தது. 2008 ஜனவரிக்குள் பெரிய நிறுவனங்கள் நான்கும் அதற்குப் பாட்டுக் கொடுக்கச் சம்மதித்துவிட்டன. ஒரு வருடம் கழித்து, 2009 ஜனவரியில், ஐட்யூன்ஸிலும் பூட்டு போகிறது என்ற அறிவிப்பு வந்தது. கூடவே ஏப்ரலில் இருந்து 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என்று மூன்று விலை. இசை நிறுவனங்கள் பூட்டை விட்டுக்கொடுத்து விலையை வாங்கிக்கொண்டன. இத்தனை வருடச் சண்டையும் பாட்டைத் திருடுகிறவனோடு நடந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது கடைக்காரருக்கும் சரக்குக்காரருக்கும் நடந்த பேரம். நடுவில் ஒன்பது சிடியோடு நான்.

இப்போது மாதச் சந்தா காலம். ஆஃப்லைனில் சேமிக்கும் பாட்டுக்கு இன்றும் பூட்டு உண்டு, சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். அதில் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் யாரும் அதை எனக்கு விற்றதாகச் சொல்லவில்லை. ரொம்பப் பிடித்துப்போனதை மட்டும், பாடகர்களே பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் காசு கொடுத்து வாங்கி, பூட்டில்லாத கோப்பாக இரண்டு டிஸ்கில் வைத்துக்கொள்கிறேன். பாடகர் கேட்கும் விலைக்கு மேலேயும் கொடுக்கலாம் என்று அங்கே ஒரு வசதி. சில நாள் கொடுப்பதும் உண்டு.

சிடி உறைகளை மகள் பரணிலிருந்து எடுத்து வந்தாள். ஒன்பதில் ஏழு இன்னும் ஓடுகின்றன. பெயரில்லாத பாட்டுகளை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு அடையாளம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆறாவது சிடியில் ட்ராக் 07 மட்டும் பிடிபடவில்லை. ஒரு பெண் குரல், பின்னால் கிட்டார் மட்டும். இதை எப்போது வாங்கினேன், எதற்கு வாங்கினேன் என்று சுத்தமாக நினைவில்லை. போனில் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்கிற செயலியிடமும் போட்டுக் காட்டினோம். அதற்கும் தெரியவில்லை. மகள் நேற்றிலிருந்து அதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.