ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே

ஆகஸ்ட் 30, சனி

கிட்டார் பெடல்போர்டைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏழு பெடல், கிட்டாரின் ஓசையை மாற்ற காலால் மிதிக்கும் டப்பாக்கள். ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பி டார்ச் அடித்துப் படித்தாயிற்று. ஆறுக்கு 9 வோல்ட் டி.சி., நடுவில் நெகட்டிவ். டிஸ்டார்ஷன் பரம சாது, 10 மில்லி ஆம்பியர் கொடுத்தால் பேசாமல் இருக்கும். ரிவெர்புக்கு மட்டும் தனியாக 300 வேண்டும். ஏழாவது, எதிரொலி தரும் பழைய டிலே. அதற்கு 9 வோல்ட் ஏ.சி. அதன் எலிமினேட்டர் (பவர் அடாப்டர்) செங்கல் கனம், அடியில் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

கச்சேரிக்குப் போகும் ஊர்களில் லண்டன், சூரிச், பாரிஸ் வரை கவலையில்லை. டொரன்டோவில் 120 வோல்ட். அங்கே இதைச் செருகினால் 9 வர வேண்டிய இடத்தில் 5 கூட வராது. எரியாது, உயிரும் வராது. அங்கேயிருந்து வாங்கி வந்ததை இங்கே செருகினால்தான் கதை வேறு. மாமா கொண்டுவந்த அடாப்டர் ஒன்று அப்படித்தான் ஹாலில் புகைந்தது. அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மற்ற ஆறுக்கும் சேர்த்துப் புது பவர் சப்ளை. 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்'. இந்த ஒரு வரிக்காகத்தான் அவ்வளவு காசு கொடுத்தேன். ஒவ்வொரு அவுட்புட்டும் உள்ளேயே தனித்தனியாகப் பிரிந்தது. ஒரே வயரில் எல்லா பெடலையும் தோரணம் கட்டிய காலத்தில் இருந்த உறுமல் இப்போது இல்லை.

இல்லை என்றுதான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஏதோ கேட்கிறது. ஃபிரிட்ஜாக இருக்கும்.

செப்டம்பர் 1, திங்கள்

ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். பால் கெட்டுப்போகும் என்று வீட்டில் சத்தம். திரும்பப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரிச்சி ஸ்ட்ரீட். 120ஐ 230 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் கேட்டேன். "எல்லாரும் ஸ்டெப்-டவுன் கேப்பாங்க, நீங்க தலைகீழா கேக்கறீங்களே சார்" என்றார் கடைக்காரர். அமெரிக்காவிலிருந்து மிக்ஸி, மியூசிக் சாமான் கொண்டுவருபவர்கள் கூட்டம்தான் அவருக்கு. கடைசியில் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். 300 வாட், தூக்கிப் பார்த்தால் மூன்றரைக் கிலோ இருக்கும். பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு, அதில் பாதி ஏற்கெனவே கேபிள். வைத்துவிட்டு வந்தேன். டிலேவுக்கு அங்கேயே 120ல் ஓடும் எலிமினேட்டராகத் தேட வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் காது டாக்டர். விசில் மாதிரியா, உறுமல் மாதிரியா? உறுமல். எப்போதும் இருக்கிறதா? தெரியவில்லை. வெளியே நிஜமாகவே ஏதாவது ஓசை இருக்கிறதா? அதுதான் டாக்டர் நானும் கேட்கிறேன். 29ந் தேதி காலை பத்தரைக்கு டெஸ்ட். அதுவரை இதைப் பற்றி இங்கே எழுதுவதில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஏர்போர்ட். பவர் பேங்க் 74 வாட்-ஹவர், 100க்குள்தான், கைப்பையில்தான். பெடல்போர்டைத் திறக்கச் சொன்னார்கள். "இவ்வளவு ஒயரு, எல்லாத்துக்கும் ஒரே ஒரு பட்டனா?" என்று கேட்ட அம்மாவுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

செப்டம்பர் 6, சனி. லண்டன்

ஹாரோ பக்கம் ஒரு மண்டபம். இந்த ஊர் பிளக் மேல் எனக்கு மரியாதை. எர்த் கால் மற்ற இரண்டையும்விட நீளம், அது உள்ளே போனால்தான் மற்ற ஓட்டைகளின் கதவே திறக்கும். பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸ். என் பவர் கார்டில் 13 ஆம்பியர் இருந்தது. முப்பது வாட் இழுக்கும் போர்டுக்கு அது காவலே இல்லை. 3 ஆம்பியர் வாங்கி மாற்றினேன்.

சவுண்ட் செக்குக்கு முன்னால் கீபோர்டு சார் கூவினார்: "தம்பி, நம்ம ஊர் பாயின்ட்டே இருக்குப்பா!" மேடை ஓரச் சுவரில் வரிசையாக, உருண்டை மூன்று ஓட்டை. அச்சு அசல் நம் வீட்டு கீசர் பாயின்ட். ஊரிலிருந்து கொண்டுவந்த ஜங்ஷன் பாக்ஸின் பிளக் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் சுவிட்சைத் தேடும்போது மண்டபத்து எலக்ட்ரீஷியன், வெள்ளைக்காரப் பெரியவர், எட்டிக் குதித்து வந்து பிடுங்கினார். அது மேடை விளக்குக்கான லைன். இந்த நாட்டு அரங்குகளில் விளக்குகளுக்கு மட்டும் பழைய 15 ஆம்பியர் உருண்டைப் பின்னை வைத்திருக்கிறார்கள், யாரும் தவறி வேறு எதையும் செருகிவிடக் கூடாது என்று. லைன் முழுவதும் டிம்மரில் இருக்கிறது. விளக்கு மங்க மங்க, அலையை நறுக்கி நறுக்கித்தான் அனுப்பும். என் பவர் சப்ளைக்கு அந்தச் சாப்பாடு போட்டிருந்தால்!

யாரும் செருக முடியாது என்று அவர்கள் போட்ட கணக்கில் இந்தியாவை விட்டுவிட்டார்கள்.

கச்சேரி நன்றாக நடந்தது. ஆம்ப் (கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) லேசாக உறுமியது, ஆறாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் மேலே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் 100 ஹெர்ட்ஸில்தான் காதுக்கு நன்றாகக் கேட்கும், அந்த ஃப்ரெட் 98. கீபோர்டு சார் பாஷையில் சுருதி ஐந்து கட்டை, கொஞ்சம் தூக்கல். வீட்டு ஃபிரிட்ஜும் அதே சுருதி.

செப்டம்பர் 8, திங்கள்

லீவு. எல்லோரும் ஊர் சுற்றப் போய்விட்டார்கள்.

லெஸ்லி ஹார்வி. ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்காரர். 1972 மே 3, வேல்ஸில் ஸ்வான்சீ, மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். 27 வயது. இங்கிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். போய் என்ன செய்ய? ரூமில் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் மைக். இரண்டும் வேறு வேறு இடத்தில் மின்சாரம் எடுத்தவை, நடுவில் ஓர் ஆள். நான் கோரஸ் பாடும்போது தினமும் அப்படித்தான் நிற்கிறேன், உதட்டை மைக்கில் ஒட்டிக்கொண்டு.

செப்டம்பர் 12, வெள்ளி. சூரிச்

குளிர். காது அடைத்திருக்கிறது, விமானத்தால் இருக்கும்.

செப்டம்பர் 13, சனி

சுவிஸ் பாயின்ட் ஒரு குட்டிக் குழி. அறுகோணம், உள்ளே மூன்று சின்ன ஓட்டை. பக்கத்து ஜெர்மனியின் பருத்த பிளக் அதில் நுழையாது. வாடகை ஆம்ப் வந்ததோ ஜெர்மன் பிளக்கோடு. ஒலி பார்த்த பையன், வல்வெட்டித்துறைக் குடும்பம், பையிலிருந்து இரண்டு பின் அடாப்டர் ஒன்றை எடுத்துச் செருகிவிட்டான். எர்த் எங்கே என்றேன். "ஒண்டும் செய்யாது அண்ணை, நாங்கள் எப்பவும் இப்பிடித்தான் போடுறனாங்கள்."

வழக்கம்போல் புறங்கையால் மைக்கின் வலையை லேசாகத் தொட்டேன், மறு கை கம்பியில். (புறங்கை, ஏனென்றால் ஷாக் அடித்தால் கை மூடிப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையால் தொட்டால் விட முடியாது.) சுருக்கென்றது. மல்டிமீட்டரை வைத்தேன், கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே 94 வோல்ட். கரண்ட் மிகக் கொஞ்சம், கசிவுதான், ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே ஏதாவது வயர் விட்டுப்போனால் அதைத் தரைக்கு இறக்க வேறு வழி கிடையாது, என்னைத் தவிர. பையன் மீட்டரை எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் மேசைக்குப் போய் பிரிண்டரின் பவர் கார்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். உள்ளூர் மூன்று பின் கார்டு, ஆம்பின் பின்பக்கமும் கம்ப்யூட்டர் மாதிரிதான், அப்படியே பொருந்தியது. திரும்ப அளந்தால் அரை வோல்ட்கூட இல்லை. கட்டிப்பிடித்தேன் அவனை. அரைமணி நேரம் டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

மெல்லிய உறுமல் மட்டும் மிச்சம். ஐந்து கட்டைப் பாட்டில் அது தம்புரா மாதிரி அடியில் கிடந்தது. பாடகி அக்கா கவனிக்கவே இல்லை. நான் மட்டும்.

பாட்டு முடிந்து ஆம்பை அணைத்த பிறகும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுத மாட்டேன் என்றேன் அல்லவா.

செப்டம்பர் 16, செவ்வாய். பாரிஸ்

இங்கே எர்த் சுவரிலிருந்தே ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிளக்தான் அதற்கு ஓட்டை வைத்துக்கொள்ள வேண்டும். லா சப்பலில் கொத்து ரொட்டி. இரண்டு கல்லின் சத்தத்தில் அரைமணி நேரம் வேறு எதுவும் கேட்கவில்லை. இன்னொன்று ஆர்டர் செய்தேன், சாப்பிட அல்ல.

செப்டம்பர் 19, வெள்ளி. டொரன்டோ

பவர் சப்ளையைச் செருகினேன். பச்சை விளக்கு. 120 வோல்ட் என்று அது முகம் கோணவே இல்லை. டிலே செத்த பாம்பு.

ஸ்கார்பரோவில் ஓர் அண்ணை தன் பேஸ்மென்ட்டில் ஒரு டப்பா நிறைய அடாப்டர் வைத்திருந்தார். நாற்பது இருக்கும். எல்லாமே அதே முனை, எல்லாமே 9 வோல்ட், எல்லாமே டி.சி. முனை பொருந்துவதைப் பார்த்து ஏமாறத்தான் அந்த டப்பா. அடியில் ஒன்றே ஒன்று: இன்புட் 120, அவுட்புட் 9 வோல்ட் ஏ.சி., 2 ஆம்பியர். காசு வேண்டாம் என்றுவிட்டார். தேநீர் தந்தார். அவருக்கும் ஒரு காது கேட்காதாம். எந்தக் காது என்று கேட்டேன், ஏன் கேட்டேனோ.

செப்டம்பர் 20, சனி

வந்த ஆம்பின் மூன்றாவது பின்னை யாரோ வெட்டியிருக்கிறார்கள். உறுமல் போக எர்த்தை வெட்டுவது. தலைவலிக்குத் தலையை. முடியாது என்று மேடையில் உட்கார்ந்துவிட்டேன். கீபோர்டு சாருக்குக் கோபம், "உனக்கு ரொம்பத்தான் பயம்" என்றார். வேறு கார்டு வரும்வரை எழுந்திருக்கவில்லை. உறுமலை எர்த்தில் கைவைக்காமல் போக்கினோம், கிட்டாரை மிக்ஸருக்கு இணைக்கும் டி.ஐ. பெட்டியில் லிஃப்ட் சுவிட்சைத் தட்டி, அதாவது ஆடியோ கேபிளின் ஷீல்டை மட்டும் பிரித்து. பத்து விநாடி வேலை.

அதற்கு முன் அந்த உறுமலைக் கேட்டேன். இங்கே 60 ஹெர்ட்ஸ், அதனால் 120. ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் சரியாக நடுவில், எந்தக் கட்டைக்கும் சொந்தமில்லாமல். எந்தப் பாட்டோடும் ஒட்டாது.

செப்டம்பர் 21, ஞாயிறு, இரவு 2 மணி

ரூம் ஃபிரிட்ஜ் உறுமுகிறது. ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். பிளக்கைப் பிடுங்கினேன். டி.வி., விளக்கு, கடிகாரம், சார்ஜர் எல்லாவற்றையும். ஹீட்டரை அணைத்தேன். கிட்டாரை எதிலும் செருகாமல் மடியில் வைத்துக்கொண்டு, ஆறாவது கம்பி, மூன்றாவது ஃப்ரெட்.

கொஞ்சம் மேலே. லண்டனில் இருந்தது போலவே, வீட்டில் இருந்தது போலவே.

இந்த ஊரில் 50 ஹெர்ட்ஸ் கிடையாது.

மறுபடி டியூனரை வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தட்டினேன். அதேதான்.

செப்டம்பர் 22, திங்கள்

நாளை ஃபிளைட். 29க்கு முன்னால் நேரம் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி வீட்டுக்கு ஃபோன் செய்தேன். ஏன் என்றாள். வந்து சொல்கிறேன் என்றேன்.

அண்ணை கொடுத்த எலிமினேட்டரில் சிவப்பு டேப் சுற்றி, மேலே பேனாவால் 120 என்று எழுதியிருக்கிறேன். ஊரில் யாரும் தவறிச் செருகிவிடக் கூடாது.