ஆறுதல் பொம்மை: நான்காவது முயற்சி

நான்காவது பொம்மையை நேற்றிரவு தைத்து முடித்தேன். முதல் மூன்றையும் பார்த்தவர்கள் “அழகாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மேசையிலேயே திரும்ப வைத்துவிட்டார்கள். மடியில் வைத்துக்கொள்ள எவருக்கும் தோன்றவில்லை. ஆறுதலுக்கென்றே செய்யும் பொம்மைக்கு அது பெரிய குறை.

முதலில் முகத்தைத் திருத்தினேன். அகன்ற நெற்றி, தாழ்ந்து அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னங்கள் ஆகிய குழந்தைச் சாயல்கள், பார்ப்பவரிடம் பேணிக் காக்கும் உணர்வைத் தூண்டுகின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லாரன்ஸ் 1943ஆம் ஆண்டில் எழுதியதை மனத்தில் வைத்துக்கொண்டு, கண்களை உடனே தைத்துவிடாமல் குண்டூசியால் குத்தி, நடுக்கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கிப் பார்த்தேன். அந்த ஒரு சென்டிமீட்டரில் முதிர்ந்த முகம் குழந்தை முகமாகிவிட்டது. முந்தைய பொம்மையின் கண்ணாடிக் கண்கள் உற்றுப் பார்ப்பதுபோல் இருப்பதாக இருவர் சொல்லியிருந்ததால், இம்முறை கருப்பு நூலால் நெருக்கமாகத் தைத்தேன். வாய் வைக்கவில்லை. சிரித்த முகம் மனம் கனத்திருப்பவருக்கு ஒட்டாது என்பது என் எண்ணம்.

அடுத்தது எடை. வயிற்றுக்குள் ஒரு துணிப்பை வைத்து, அதில் 600 கிராம் கண்ணாடி மணிகளை நிரப்பி, சுற்றிலும் பஞ்சை அடைத்தேன்.

அறிந்தவர்கள் ஆறு பேருக்குப் படத்தை முதலிலும் பொம்மையைப் பிறகும் காட்டினேன். படத்தைப் பார்த்த ஆறு பேருமே கண்களைப் பற்றித்தான் பேசினார்கள். கையில் வாங்கியதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. பொம்மையின் பாரம் முன்கையில் இறங்க, அதன் தலையைத் தாங்க இன்னொரு கை தானாகவே வந்தது. ஒருவர் தம் வேலைத் தொல்லைகளைச் சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அதன் காது ஓரத்தை வருடிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை அவர் ஒருமுறைகூட அதன் முகத்தைப் பார்க்கவில்லை. 1958இல் உளவியலாளர் ஹாரி ஹார்லோ வெளியிட்ட ஆய்வில், தாய்க்குப் பதிலாக வைத்த இரு பொம்மைகளில், பால் தந்த கம்பித் தாயைவிடத் துணி போர்த்திய தாயையே குரங்குக் குட்டிகள் பெரும்பொழுது பற்றியிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. கண் அழைக்கிறது, கைதான் தங்குகிறது என்றே எனக்குப் படுகிறது. இத்தனை நாளும் நான் முகத்துக்கே முழு உழைப்பையும் கொடுத்துவிட்டேன்.

அவர் வருடிய காதோரத் தையல் சற்றுத் தடித்து, விரலில் உறுத்துகிறது. இன்று அதைப் பிரித்து, மடிப்பை உள்ளே தள்ளி மீண்டும் தைக்கிறேன்; ஐந்தாவதற்குக் காதுகளை இரண்டு சென்டிமீட்டர் நீளமாகவே வெட்டி வைத்திருக்கிறேன்.