லேபிளில் 'கியூபா' என்று மட்டும் இருந்தால்

அருங்காட்சியகத்தில் பாம்புகளைப் பதப்படுத்தி வைத்திருக்கும் ஆல்கஹால் ஜாடிகளுக்கு நடுவே எனக்கு வேலை. அதில் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டது ட்ரோபிடோபிஸ் என்கிற பேரினம். கரீபியன் தீவுகளின் குட்டிப் பாம்புகள், பெரும்பாலும் ஒரு முழத்துக்கு முன்னே பின்னே, விஷம் கிடையாது, சீண்டினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், கண்ணிலும் வாயிலும் ரத்தம்கூடக் கசியவிடும். ஏறக்குறையப் பாதி இனங்கள் கியூபாவில்தான்.

நிறத்தை மட்டும் நம்பி இவற்றைப் பிரிக்க முடியாது. சில இனங்கள் பகலில் கருமையாக இருந்து இரவில் வெளிறிவிடும். அப்புறம் ஜாடியில் பல வருடம் கிடந்தால் எல்லாமே பழுப்புதான். ஆகவே நுண்ணோக்கியில் வைத்துச் செதில் எண்ண வேண்டும், நடுவுடலில் முதுகுச் செதில் எத்தனை வரிசை, வயிற்றுச் செதில் மொத்தம் எத்தனை என்று. வயிற்றுச் செதிலை எங்கே தொடங்குவது என்பதற்கே டௌலிங் என்கிற பாம்பு ஆய்வாளர் 1951-இல் வகுத்த முறை இருக்கிறது: இரண்டு பக்கமும் முதல் முதுகு வரிசையைத் தொடுகிற செதில்தான் ஒன்று. ஆளுக்கொரு இடத்தில் தொடங்கினால் இரண்டு பேர் எடுத்த கணக்கை ஒப்பிடவே முடியாது.

சரி, எண்ணியாகிவிட்டது. ஒரு தீவில் 23 வரிசை, இன்னொன்றில் 25 என்று வைத்துக்கொள்வோம். இது இரண்டு இனமா, ஒரே இனத்தின் வட்டார வேறுபாடா? எண் மட்டும் பதில் சொல்லாது. ஆனால் கியூபாவில் ஒரே இடத்தில் பல ட்ரோபிடோபிஸ் இனங்கள் கலக்காமல் வாழ்கின்றன. அவற்றுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, அதை வைத்துத்தான் தனித்தனித் தீவுகளில் இருப்பவற்றை எடைபோட வேண்டும். பிளேர் ஹெட்ஜஸ் என்கிற ஆய்வாளரின் 2002 ஆய்வில் ஹைட்டி இனத்தின் உள்ளினங்களாகக் கிடந்த ஜமைக்காப் பாம்புகள் மூன்றும் தனி இனங்களாயின. எனக்கு அது நியாயமான முடிவாகவே படுகிறது.

இதற்கெல்லாம் அடிப்படை, பாம்பை எங்கே பிடித்தார்கள் என்கிற ஒரு வரி. பழைய ஜாடிகள் சிலவற்றில் 'கியூபா' என்பதோடு முடிந்துவிடும். நல்ல நிலையில் இருக்கிற உடல், ஒரு செதில்கூடக் கெடவில்லை, ஆனாலும் எதனுடன் சேர்ந்து வாழ்ந்தது என்று சொல்ல வழியில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரமாக வரும்.

அதனால் களத்துக்குப் போகிறவர்களிடம் விடாமல் கேட்பேன்: இடம், பிடித்த நேரம், அப்போதிருந்த நிறம், மூன்றையும் அங்கேயே எழுதுங்கள், ஃபார்மலினில் போடுமுன் கல்லீரலில் ஒரு துண்டைத் தனியாக எடுத்து வையுங்கள், ஃபார்மலின் பட்டுவிட்டால் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. போவா என்கிற, இரையை நெரித்துக் கொல்லும் பாம்புகளின் குடும்பத்தோடு சேர்த்துவைத்திருந்த இந்தப் பாம்புகளுக்கு உண்மையில் நெருங்கிய சொந்தம் தென் அமெரிக்காவில் மண்ணுக்குள் வாழும் அனிலியஸ் என்கிற பாம்புதான் என்று காட்டியது அந்த டிஎன்ஏதான்.